வலிப்பை நிறுத்துற ஊசியும் போட்டுட்டு வலிப்பும் வர வைக்கிறேன்றாங்க, அக்கா மூளைக்குள்ள என்னதான் நடக்குது?

தண்டையார்பேட்டை_தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், தெரிஞ்சவங்க முழுசா படிச்சிட்டு சொல்லுங்க, திங்கட்கிழமைக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்.

எங்க அக்காவுக்கு ரெண்டாவது குழந்தை பொறந்து மூணு மாசம் ஆகுது. எம்.சி. ரோட்ல ஒரு துணிக்கடைல பில்லிங்ல இருந்தா, தீபாவளி சீசன்ல பன்னெண்டு மணி நேரம் நின்ன கால்ல நின்னுட்டு வந்து வீட்லயும் வேலை பாப்பா, அப்படிப்பட்ட ஆளு. குழந்தை பொறந்து ஒரு மாசத்துல தூக்கம் போச்சு, சும்மா சும்மா அழுதா, அப்புறம் அழறதும் நின்னு போச்சு, பேச்சும் நின்னு போச்சு. சோத்தைப் பிசைஞ்சு வாயில வச்சா வாயிலயே வச்சிருக்கா, முழுங்கல. ட்ரிப்ஸ் ஏத்த கையைத் தூக்கிப் பாத்த சிஸ்டர் வேற பேஷண்ட் கூப்பிட்டாங்கன்னு விட்டுட்டுப் போய்ட்டாங்க, கை அப்படியே அந்தரத்துல நிக்குது, நான்தான் மெதுவா இறக்கி வச்சேன்.

தீவிர மனச்சோர்வு, அதோட கேட்டடோனியா, அதாவது ஒடம்பும் பேச்சும் அப்படியே உறைஞ்சு போற நெலமை, சேந்துருக்குன்னாங்க. லோராசிபாம் ஊசி போட்டாங்க. ஒரு மணி நேரம்கூட ஆகல, அக்கா மெதுவா திரும்பி அம்மாவைப் பாத்து "பாப்பா பால் குடிச்சாளா"ன்னு கேட்டா. அம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. ஆனா ராத்திரிக்குள்ள பழையபடி ஆயிட்டா. அஞ்சு நாள் டோஸ் ஏத்தி ஏத்திப் பாத்தாங்க, கொஞ்சம் வருது, திரும்பப் போயிடுது. இப்ப ஈசிடி குடுக்கலாம்னு சொல்றாங்க, அதான் ஷாக் ட்ரீட்மெண்ட்.

அம்மாவுக்கு "கரண்ட் வைக்கிறது"ங்கற வார்த்தையே ஆகல. தெருவுல தெரிஞ்சா கீழ்ப்பாக்கம் கேஸுன்னு பேசுவாங்கன்னு ஒரு பயம். மாமா ஒண்ணுமே பேச மாட்றாரு, பாப்பாவைத் தோள்ல போட்டுட்டு வராண்டாவுலயே நடக்கறாரு. எனக்கு வேற பயம். எங்க பெரியம்மா பையனுக்கு சின்ன வயசுலருந்து ஃபிட்ஸ், ஒரு நாள் மாத்திரை விட்டாலும் பெரியம்மா அந்தக் கத்து கத்துவாங்க, ஒவ்வொரு ஃபிட்ஸும் மூளையைக் கெடுக்கும்னுதான் கேட்டு வளந்தேன். அப்ப வேணும்னே வலிப்பு வர வச்சா எப்படி நல்லதாகும்?

இதுல பெரிய குழப்பம் என்னன்னா, லோராசிபாம் ஃபிட்ஸை நிறுத்தறதுக்கும் போடற ஊசியாம், மெடிக்கல் ஷாப் அண்ணன் சொன்னாரு. அதே நோய்க்கு வலிப்பை அடக்கற மருந்தும் கேக்குது, வலிப்பு வர வச்சாலும் கேக்குதுன்னா என்ன அர்த்தம்? டாக்டர் கிட்ட கேட்டேன், காபா, ரிசெப்டார்னு என்னமோ சொன்னாரு, பின்னாடி நாப்பது பேர் நிக்கறாங்க, அதுக்கு மேல கேக்க முடியல. மூளைக்குள்ள அந்த கெமிக்கல் எல்லாம் என்ன ஆகுதுன்னு எனக்குப் புரிஞ்சாதான் வீட்ல மத்தவங்களுக்குச் சொல்ல முடியும்.

புளியந்தோப்பு_குமரன்:

தம்பி தயவுசெஞ்சு கையெழுத்து போடாதீங்க. எங்க சித்தப்பாவுக்கு 1980கள்ல குடுத்தாங்க, எங்கன்னு சொல்ல வேணாம். மயக்கமே குடுக்காம நாலு பேரு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு வச்சாங்களாம். முன்பல்லு ஒடைஞ்சு, முதுகுல எலும்பு விரிசல் விட்டு, அதுக்கப்புறம் சாகற வரைக்கும் வெள்ளைக் கோட்டு போட்ட ஆளைப் பாத்தாலே கட்டிலுக்கடியில போயி படுத்துப்பாரு. நான் கண்ணால பாத்தவன்.

எலிரூம்_வியாசர்பாடி:

குமரன் அண்ணே, உங்க சித்தப்பாவுக்கு நடந்தது கொடுமைதான், அதை யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு எலும்பை ஒடைச்சது மூளைக்குள்ள நடந்த விஷயம் இல்ல, ஒடம்பு முழுக்க தசை ஒரே நேரத்துல முறுக்கினதுதான் ஒடைச்சது. இப்ப 2017 மனநலச் சட்டத்துலயே மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தற மருந்தும் இல்லாம ஈசிடி குடுக்கக்கூடாதுன்னு தடை இருக்கு. ரூம்ல என்ன நடக்கும்னு அங்க வேலை பாக்கறவங்க யாராவது சொல்லுவாங்க, நான் தம்பி கேட்ட கெமிக்கல் கேள்விக்கு வர்றேன்.

நான் எம்.ஃபார்ம், பார்மகாலஜி, மருந்து ஒடம்புல எப்படி வேலை செய்யுதுன்ற படிப்பு. ரெண்டு வருஷம் எலிக்கு வலிப்பு வர வச்சு மருந்து டெஸ்ட் பண்ணதுதான் என் ப்ராஜெக்டே. எத்திக்ஸ் கமிட்டி பர்மிஷன் வாங்கித்தான் பண்ணோம், இருந்தாலும் முதல் நாள் எனக்கு ராத்திரி சாப்பாடு எறங்கல. காதுல ரெண்டு க்ளிப், 150 மில்லி ஆம்ப்ஸ், 0.2 செகண்ட், அவ்ளோதான். எலி விறைச்சு பின்னங்கால் ரெண்டும் நேரா நீளும், அப்புறம் வெட்டி வெட்டி இழுக்கும், அப்புறம் கல்லு மாதிரி கெடக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு எழுந்து உக்காந்து முன்னங்கை ரெண்டையும் தூக்கி மூஞ்சைத் தொடைச்சுக்கும், பூனை மாதிரி. அந்த மூஞ்சித் தொடைக்கிறதைப் பாத்தப்புறம்தான் எனக்கு மூச்சே வரும்.

இப்ப முக்கியமான விஷயம். வலிப்பு அடங்கின உடனே அதே எலிக்கு அதே கரண்டை மறுபடி வச்சீங்கன்னா அந்த மாதிரி வலிப்பு சுலபத்துல வராது. ஏன்? மூளை சும்மா இல்ல, அந்த வலிப்பை அடக்க தன்கிட்ட இருக்கற சரக்கையெல்லாம் எறக்கிருக்கு, அது இன்னும் அங்கயே நிக்குது. தம்பி கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதுலயே இருக்கு.

நம்ம கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை நெனச்சுக்கோங்க. மூளைல ஒரு செல் இன்னொரு செல்லைத் தூண்டறதுக்கு முக்கியமா யூஸ் பண்ற கெமிக்கல் குளூட்டமேட், அது வண்டிங்களை முன்னாடி தள்ளற கூட்டம். நிறுத்தறது காபா. காபா போயி ஒக்கார்ற ரிசெப்டார்தான் கேட்டு, அது வேலை செஞ்சா செல்லுக்குள்ள குளோரைடு போகும், செல் அடங்கும். லோராசிபாம் தானா கேட்டைப் போடாது, காபா வந்து போடற நேரத்துல கேட்டு இன்னும் நல்லா விழற மாதிரி உதவி பண்ணும். வலிப்புன்றது என்னன்னா கூட்டம் மொத்தமா கேட்டை ஒடைச்சிட்டு பாய்றது, லட்சக்கணக்கான செல் ஒரே தாளத்துல அடிக்கிறது.

ஈசிடில அந்தப் பாய்ச்சலை வேணும்னே உண்டு பண்றாங்க, ஆனா அது முப்பது செகண்டுலருந்து ஒரு நிமிஷம் ஒண்ணரை நிமிஷத்துல தானா நின்னுடுது. நிறுத்தினது யாரு? மூளையேதான். காபா வேலை ஏறுது, அடினோசின் கொட்டுது, நியூரோபெப்டைட் ஒய்னு ஒண்ணு ஏறுது, இன்னும் பல. அடுத்தடுத்த தடவை குடுக்கக் குடுக்க வலிப்பு வர வைக்க அதிக கரண்ட் தேவைப்படுது, வர்ற வலிப்பும் சின்னதாகுது, மனுஷங்க கிட்டயும் அப்படித்தான். அதாவது வலிப்பு வர வைக்கிற சிகிச்சையே வலிப்பை எதிர்க்கிற சக்தியை ஏத்தி விடுது. குணமாக்கறது கரண்டும் இல்ல, வலிப்பும் இல்ல, வலிப்பை அடக்க மூளை பண்ற அந்த வேலைதான்னு சொல்ற கொள்கை ரொம்ப வருஷமா இருக்கு. தம்பி, உங்க அக்காவுக்கு லோராசிபாம் ஒரு மணி நேரத்துக்கு செஞ்சதை, ஈசிடி மூளையையே செய்ய வச்சு நாள் கணக்குல நிக்க வைக்குதுன்னு எடுத்துக்கலாம். ரெண்டு வழியும் ஒரே கேட்டுக்குத்தான் போவுது. கேட்டடோனியாவுக்கு ரெண்டுமே கேக்கறதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதைவிட நல்ல விளக்கம் இல்ல.

ஆனா கேட்டை மட்டும் வச்சு எல்லாத்தையும் முடிச்சுட முடியாது, நேர்மையா சொல்லணும். 2003ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல ஈசிடி முடிஞ்ச மனச்சோர்வு பேஷண்டுங்களுக்கு மூளையோட பின்பக்கத்துல காபா ஏறினதை ஸ்கேன்லயே அளந்தாங்க. அப்புறம் வந்த சில ஆய்வுகள்ல அந்த ஏத்தம் தெரியல. அதனால காபா ஒரு பெரிய பங்கு, முழுப் பங்கு இல்ல.

அடினோசின் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளுதான், பேரு மட்டும் தெரியாது. செல் வேலை செய்யச் செய்ய அதுக்கு சக்தி குடுக்கற ஏடிபி கரைஞ்சு அடினோசின் சேரும், சாயந்தரம் ஆக ஆக தூக்கம் வர்றதுல அதுக்கும் பங்கு உண்டு. டீ காபில இருக்கற காஃபீன் அந்த அடினோசின் ரிசெப்டார்ல போயி ஒக்காந்துக்கும், அதான் முழிப்பு. வலிப்பப்போ அடினோசின் பயங்கரமா ஏறி நெருப்பை அணைக்கும். அதனாலயே ஈசிடில வலிப்பு ரொம்பச் சின்னதா வர்ற பேஷண்டுக்கு முன்னாடியே காஃபீன் குடுத்து நீளமாக்கற பழக்கம் கொஞ்சம் டாக்டருங்க கிட்ட இருந்துது.

டோபமைன், நார்அட்ரினலின், செரடோனின்னு இன்னும் மூணு மூளைக் கெமிக்கல் இருக்கு. டோபமைன் ஏறுது. இதுக்கு மனுஷங்க கிட்டயே சாட்சி இருக்கு, பார்க்கின்சன் நோய் இருக்கறவங்களுக்கு வேற காரணத்துக்கு ஈசிடி குடுத்தா கை கால் விறைப்பும் கொஞ்ச நாளைக்கு நல்லாவுது, பார்க்கின்சன்ல குறையறது டோபமைன்தான். நார்அட்ரினலின் பக்கம் எலி மூளைல பீட்டா ரிசெப்டார் எண்ணிக்கை குறையும், மனச்சோர்வு மாத்திரை பல வாரம் குடுத்தா ஆகற மாதிரியே. செரடோனின்ல ஒரு பாடம் இருக்கு. எலிக்கு ஈசிடி மாதிரி குடுத்தா செரடோனின் 2ஏ ரிசெப்டார் ஏறுது, மனுஷனுக்கு பெட் ஸ்கேன் எடுத்துப் பாத்தா அது குறையுது. நேர் எதிர். நான் எலிலயே ரெண்டு வருஷம் இருந்தவன், அதனாலயே சொல்றேன், எலியை வச்சு மனுஷனை அளக்காதீங்க.

இது ஆரம்பிச்ச கதையையும் சொல்லிடறேன், அம்மாவுக்குச் சொல்ல உதவும். கரண்டுக்கு முன்னாடி கற்பூரம். நம்ம சாமிக்குக் காட்டற அதே கற்பூரம். 1934ல புடாபெஸ்ட்ல மெதுனான்னு ஒரு டாக்டர் கற்பூரத்தை எண்ணெய்ல கரைச்சு ஊசியா போட்டு வலிப்பு வர வச்சாரு, அவரோட முதல் பேஷண்டே உங்க அக்கா மாதிரி கேட்டடோனியால உறைஞ்சு போயிருந்தவருதான். வீட்ல கொழந்தைங்க இருக்கறவங்க இந்த எடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க, கற்பூரத்தை மிட்டாய்னு முழுங்கிட்டு வலிப்போட ஆஸ்பத்திரிக்கு வர்ற கொழந்தைங்க இன்னிக்கும் இருக்கு, பூஜை ஷெல்ஃப்ல எட்டாத எடத்துல வைங்க. கற்பூரத்துல எப்ப வலிப்பு வரும்னு சொல்ல முடியாது, அதனால அவரு கார்டியசால்னு ஒரு மருந்துக்கு மாறினாரு. அந்த மருந்து என்ன பண்ணும்னா நான் சொன்ன அதே காபா கேட்டை விழ விடாம மாட்டிவிட்டுடும், இன்னிக்கும் எலி லேப்ல அதுதான் யூஸ் பண்றோம். ஊசி போட்டதுக்கும் வலிப்பு வர்றதுக்கும் நடுவுல பேஷண்டுங்களுக்கு சாவு பயம் வந்துடுமாம். 1938ல ரோம்ல செர்லெட்டியும் பினியும் கரண்டுக்கு மாத்தினதுக்கு அந்தப் பயம் இல்லாம பண்ணலாம்னதும் ஒரு காரணம், கரண்டுல அந்த செகண்டே நினைவு போயிடும்.

நைட்டூட்டி_சிஸ்டர்:

தம்பி, நான் ஈசிடி ரூம்ல ஆறு வருஷம் இருந்தேன், பெரம்பூர் பக்கம்தான் வீடு. உங்க அம்மாவை என் முன்னாடி உக்கார வச்சு சொல்ற மாதிரி நெனச்சு எழுதறேன்.

முந்தின ராத்திரியோட சாப்பாடு முடிஞ்சிடும். லோராசிபாமை காலைல நிறுத்துவாங்க இல்லன்னா அதோட வேலையை முறிக்கிற ஊசி ஒண்ணு போடுவாங்க, ஏன்னா மேல அந்தத் தம்பி சொன்னாரே, கேட்டு நல்லா விழுந்து கெடந்தா வலிப்பு வராது. ரூம்ல ட்ரிப்ஸ் லைன் இருக்கும், மயக்க டாக்டர் தலைமாட்டுல நிப்பாரு. மொதல்ல மயக்க மருந்து, நாலஞ்சு மூச்சுல தூங்கிடுவாங்க. அப்புறம் ஸ்கோலின், தசையைத் தளர்த்தறது. ஆனா ஸ்கோலின் போடறதுக்கு முன்னாடி ஒரு கணுக்கால்ல மட்டும் பீபி பார்க்கற பட்டையைச் சுத்தி இறுக்கிடுவோம், அந்தப் பாதத்துக்கு மருந்து எறங்காது. வாயில ரப்பர் வச்சு, ஆக்சிஜன் குடுத்துட்டுதான் பட்டனையே தொடுவாங்க. கரண்ட்னா வீட்டு ப்ளக்ல வர்ற மாதிரி இல்ல, ஒவ்வொரு துடிப்பும் ஒரு செகண்ட்ல ஆயிரத்துல ஒரு பங்கு, மொத்தமே சில செகண்ட்.

அப்புறம் என்ன தெரியும் தெரியுமா? ஒடம்பு அப்படியே தூங்கும். அந்த ஒரு பாதம் மட்டும், கட்டைவிரல் மேல தூக்கும், அப்புறம் டக் டக்னு ஆடும். நான் ஸ்டாப்வாட்ச் வச்சுட்டு அந்த விரலையேதான் பாப்பேன். பக்கத்துல மூளையோட மின் அலையைப் பதியற ஈஈஜி பேப்பர்ல பெரிய பெரிய அலையா ஓடும். திடீர்னு அலை எல்லாம் போயி கோடு தட்டையாயிடும், வெரலும் நின்னுடும். அந்தத் தட்டைக் கோடு நல்லா வந்தா எங்க டாக்டர் தலையை ஆட்டுவாரு, நல்ல வலிப்பு, நல்லா அடங்குச்சும்பாரு. இவ்ளோ வருஷம் பாத்தேன், அந்தத் தட்டைக் கோடுதான் மூளை ப்ரேக் போட்ட எடம்னு இன்னிக்கு இங்க படிச்சுதான் புரிஞ்சுது. ரெண்டு நிமிஷத்தைத் தாண்டற மாதிரி தெரிஞ்சா நிறுத்தற மருந்தை உடனே போட்ருவாங்க, அது சிரிஞ்சுல ரெடியா இருக்கும்.

அஞ்சாவது ஆறாவது தடவைல டோஸ் ஏத்தறோம்னு சொன்னா சொந்தக்காரங்க பயந்துடறாங்க, நோய் முத்திடுச்சோன்னு. இல்லம்மா. மூளை எதிர்த்து நிக்க ஆரம்பிச்சிருக்கு, அதான் ஏத்த வேண்டியிருக்கு.

முழிச்ச உடனே கொஞ்ச நேரம் எங்க இருக்கோம்னு தெரியாது. தலைவலி, தாடை வலி இருக்கும். அந்த நேரத்துல கேள்வி மேல கேள்வி கேக்காதீங்க, தெரிஞ்ச குரல் ஒண்ணு பக்கத்துல இருந்தா போதும்.

காசிமேடு_கணக்கு:

நான் ஈசிடி எடுத்துக்கினவன். எட்டு தடவை. இதை வெளில யாருக்கும் சொன்னதில்ல, என் கூட வேலை செய்றவங்களுக்கும் தெரியாது.

ஹார்பர்ல போட்டுங்களுக்கு ஐஸ் டீசல் கணக்கு எழுதறவன் நான். ரெண்டு தபா கடல் பாலத்துல போயி நின்னேன், சாவறதுக்கு. அந்த நெலமைல மாத்திரை வேலை செய்ற வரைக்கும் ஆறு வாரம் காத்துக்கினு இருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. நாலாவது முடிஞ்ச அன்னிக்கு வூட்ல மீன் கொழம்பு வாசனை வந்துச்சு. வாசனை வந்துச்சுன்னா புரியுதா உங்களுக்கு, அதுக்கு முன்னாடி பல மாசமா எனக்கு எதுவும் எதுவாவும் இல்ல. அதனால உங்க அக்காக்கு குடுங்கன்னுதான் சொல்லுவன்.

ஆனா ஒண்ணு. என் தங்கச்சி கல்யாணம் எனக்கு ஞாபகம் இல்ல. ஈசிடிக்கு ரெண்டு மாசம் முன்னாடி நடந்த கல்யாணம், மூலக்கொத்தளத்துல மண்டபம், நான்தான் பந்தில நின்னு பரிமாறிக்கினு இருக்கேன் போட்டோல. போட்டோவைப் பாத்து தெரிஞ்சிக்கினதுதான், உள்ள இருந்து ஒண்ணும் வரல. அப்புறம் அந்த மாசங்கள்ல யாருக்கு எவ்ளோ ஐஸ் குடுத்தேன்றதுலாம் போச்சு, நல்லவேளை நோட்டுல இருந்துச்சு. புது விஷயம் மறக்கறது ஒரு மாசத்துல சரியாப் போச்சு, பழசுல போனது போனதுதான். போட்டதுக்காக நான் கோவப்படல. முன்னாடியே யாரும் உக்காந்து சொல்லலையேன்னுதான் இன்னும் வலிக்குது. சொல்லியிருந்தா தங்கச்சியை உக்கார வச்சு எல்லாத்தையும் பேசி வச்சிருப்பேன்.

எலிரூம்_வியாசர்பாடி:

அண்ணா, இதை இங்க எழுதினதுக்கு ரொம்ப நன்றி. நான் மேல எழுதினதுல இந்தப் பக்கத்தை விட்டுட்டேன், தப்பு என்னுதுதான்.

ஞாபகம் போறதும் அதே கெமிக்கல் கதையோட இன்னொரு பக்கம். ஹிப்போகேம்பஸ்னு ஒரு எடம், புது ஞாபகம் எழுதற எடம். அங்க ஒரு விஷயம் பதியணும்னா குளூட்டமேட் குறிப்பிட்ட சில இணைப்புகளை மட்டும் பலப்படுத்தணும். வலிப்பப்போ குளூட்டமேட் எல்லா எடத்துலயும் கொட்டி எல்லா இணைப்பையும் ஒரே அடியா பலப்படுத்திடுது, பேப்பர் முழுக்க மை கொட்டிட்டா அதுல எழுத எடம் இருக்காது இல்ல, அப்படி. அசிட்டைல்கோலின்ற இன்னொரு கெமிக்கல் பக்கமும் அடி விழுது, எலி மூளைல அது வேலை செய்ற மஸ்கரினிக் ரிசெப்டார் குறையறதைப் பாத்துருக்காங்க, ஞாபகத்துக்கு அது ரொம்ப வேண்டியது. சமீபத்துல நடந்த விஷயங்க இன்னும் கெட்டியாகாம இருக்கும், அதான் முன்னாடி சில மாசம் அழியறதுக்கு வாய்ப்பு அதிகம். தம்பி, டாக்டர் கிட்ட இந்த ஒண்ணைக் கண்டிப்பா கேளுங்க, கரண்டைத் தலைல வலது பக்கம் மட்டும் வைக்கிறீங்களா, ரெண்டு பக்கமுமான்னு. வலது பக்கம் மட்டும் வச்சா மறதி குறைவு. ஆனா உங்க அக்கா சாப்பிடாம இருக்கறதுனால சீக்கிரம் வேலை ஆகணும்னு ரெண்டு பக்கமும் வைக்கச் சொல்லலாம், அது அவங்க பாத்து முடிவு பண்ண வேண்டியது.

செல் செத்துப் போவுதான்னு கேட்டீங்கன்னா, இல்ல. நரம்பு செல் அழிஞ்சா ரத்தத்துல கசியற சில புரதங்கள் இருக்கு, ஈசிடிக்கு அப்புறம் அதை அளந்து பாத்ததுல ஏறல. எலிலயும் கொரங்குலயும் பாத்தா ஹிப்போகேம்பஸ்ல புது செல் பொறக்கறது அதிகமாவுது, எலில பிடிஎன்எஃப்னு நரம்பு வளர்ச்சிக்கு உரம் மாதிரி இருக்கற புரதம் ஏறுது. மனுஷங்களுக்கு ஸ்கேன்ல ஹிப்போகேம்பஸ் கொஞ்சம் பெருசாகறதைப் பாத்துருக்காங்க.

தண்டையார்பேட்டை_தம்பி:

எல்லாத்தையும் அம்மாவுக்கும் மாமாவுக்கும் ராத்திரி படிச்சுக் காட்டினேன். அந்தப் பாதத்து வெரல் விஷயத்தை அம்மா ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. மாமா கையெழுத்து போட்டுட்டாரு.

காசிமேடு அண்ணா, உங்களைப் பாத்தது இல்ல, ஆனா கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுச்சு.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. வலிப்பு மூளையோட தடுப்பு சக்தியை ஏத்துதுன்னா, பெரியம்மா பையனுக்கு அத்தனை ஃபிட்ஸ் வந்தும் ஏன் தானா சரியாகல? அவன் மாத்திரையே விடலாமான்னு கேக்கறான் இதைக் கேட்டுட்டு.

எலிரூம்_வியாசர்பாடி:

விடவே கூடாது. மொதல்ல அவனுக்கு ஃபோன் பண்ணி சொல்லுங்க, அப்புறம் மிச்சம் படிங்க.

அவனுக்கு வர்றது அவன் மூளைல ஏற்கனவே கெட்டுப் போன ஒரு எடத்துலருந்து தானா கெளம்பறது. எங்க, எப்ப, எவ்ளோ நேரம்னு யார் கையிலயும் இல்ல. ஆக்சிஜன் மாஸ்க் இல்ல, ரோட்ல வரலாம், ஹார்பர் படிக்கட்டுல வரலாம். 1960கள்ல கோடார்டுன்னு ஒரு விஞ்ஞானி எலி மூளைல அமிக்டலான்ற எடத்துல வலிப்பே வராத அளவுக்கு சின்னச் சின்ன கரண்டை தினமும் குடுத்தாரு, சில வாரத்துல அதே சின்ன கரண்டுக்கு பெரிய வலிப்பு வர ஆரம்பிச்சுது. மூளை வலிப்பைக் கத்துக்கிச்சு. ஆக ஒரே எடத்துல சின்னச் சின்னதா தூண்டினா வலிப்புக்கு வழி போட்டுக்குது, மூளை முழுக்க ஒரே அடியா வர வச்சு இடைவெளி விட்டா அடக்கக் கத்துக்குது. எலிக்கு முன்னாடியே ஈசிடி மாதிரி குடுத்துட்டா கோடார்டு பண்ண மாதிரி வலிப்பைப் பழக்கறதே கஷ்டமாவுது. எந்த எடத்துல, எவ்ளோ நேரம், எத்தனை நாளுக்கு ஒரு தடவைன்றதுலதான் எல்லாம் இருக்கு.

நேரம் ஏன் அவ்ளோ முக்கியம்னா, வலிப்பு அஞ்சு நிமிஷம் தாண்டிப் போனா கேட்டு மேட்டரே தலைகீழாக ஆரம்பிச்சிடும். காபா ரிசெப்டார்கள் செல்லோட மேல்தோல்லருந்து உள்ள இழுக்கப்பட்டுடும், கேட்டையே கழட்டி எடுத்துட்டுப் போன மாதிரி. அதே நேரத்துல குளூட்டமேட் போயி ஒக்கார்ற என்எம்டிஏன்ற ரிசெப்டார்கள் மேல வந்து சேரும். அப்புறம் லோராசிபாம் போட்டாலும் போக எடம் கம்மி, நேரம் போகப் போக மருந்து சரியா கேக்காது, அப்பதான் செல் நிஜமாவே சாகும். பெரியம்மா சொல்றது இந்த எடத்துல நூத்துக்கு நூறு சரி. அதனால அவனுக்கு வலிப்பு வந்தா கைல சாவிக்கொத்து திணிக்காதீங்க, வாயில ஒண்ணும் வைக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வச்சுட்டு மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் ஆச்சுன்னா 108. மூக்குல அடிக்கிற மிடாசோலம் ஸ்ப்ரே இருக்கு, அவன் டாக்டர் கிட்ட கேட்டு வீட்ல வாங்கி வைங்க.

இன்னொண்ணு உங்க அக்காவுக்கு. ஈசிடி முடிஞ்சு நல்லாயிட்டாங்கன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க. இந்த கெமிக்கல் மாத்தம் எல்லாம் நிரந்தரம் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். 2001ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல ஈசிடில குணமானவங்களை ஆறு மாசம் பாத்தாங்க, சும்மா வெத்து மாத்திரை குடுத்தவங்கள்ல 84 சதவீதம் பேருக்கு திரும்ப வந்துடுச்சு, நார்ட்ரிப்டிலின்ற மனச்சோர்வு மாத்திரையும் லித்தியமும் சேத்து குடுத்தவங்கள்ல 39 சதவீதம். அது பெருசுதான், ஆனா வித்தியாசத்தைப் பாருங்க.

புளியந்தோப்பு_குமரன்:

தம்பி, நான் பயமுறுத்திட்டேன்னா மன்னிச்சுக்கோ. சித்தப்பா ஞாபகம் வந்துடுச்சு. இதெல்லாம் அன்னிக்கு அவருக்கு இருந்துருக்கலாம். ரத்தம் கித்தம் வேணும்னாலும், நைட் துணைக்கு ஆள் வேணும்னாலும் சொல்லு, நான் பக்கத்துலதான்.

தண்டையார்பேட்டை_தம்பி:

மூணாவது நேத்து முடிஞ்சுது. வலது பக்கம் மட்டும் வச்சுப் பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. மொதல் நாள் எனக்கு வெளில நின்னு கால் நடுங்குச்சு, பத்து நிமிஷத்துல ஸ்ட்ரெச்சர் வெளில வந்துடுச்சு. ரெண்டாவதுக்கு அப்புறம் தண்ணி கேட்டா. நேத்து சாயந்தரம் ஒரு இட்லி முழுசா சாப்பிட்டா, ரெண்டாவது இட்லியைப் பாதி சாப்பிட்டுட்டு சட்னில உப்பு கம்மின்னா. அம்மா அழுதுட்டே உப்பு போட்டாங்க.

பாப்பாவை மடில வச்சோம், வாங்கிக்கிட்டா, ஆனா "இவளுக்கு என்ன பேரு வச்சோம்"னு கேட்டா. மாமா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு, சமாளிச்சுக்கிட்டு சொன்னாரு. காசிமேடு அண்ணா சொன்ன மாதிரி ஒரு நோட்டு போட்டுருக்கேன், பேரு வச்ச நாள், யார் யார் வந்தாங்க, தொட்டில் எங்க வாங்கினோம், அக்கா அன்னிக்கு என்ன பொடவை கட்டியிருந்தா எல்லாம் எழுதறேன், போட்டோ ஒட்டறேன். பெரிய பையன் அதுல ஒரு பக்கத்துல அம்மா படம் வரைஞ்சிருக்கான்.

சிஸ்டர், பால் குடுக்கலாமான்னு கேட்டதுக்கு மயக்க டாக்டர் முழிப்பு நல்லா வந்தப்புறம் குடுக்கலாம்னாரு, லோராசிபாம் ஓடறதுனால பாப்பா ரொம்பத் தூங்கறாளான்னு பாக்கச் சொன்னாரு. அடுத்தது நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு. ராத்திரி எத்தனை மணியோட நிறுத்தணும்?

நைட்டூட்டி_சிஸ்டர்:

பாப்பா பேரு கேட்டதுக்குக் கலங்காதீங்க, கேக்கறாளே, அதைப் பாருங்க. ஆஸ்பத்திரில வேற டைம் சொல்லியிருந்தா அதையே பாருங்க, சொல்லலன்னா ராத்திரி பத்து மணிக்கு மேல சாப்பாடு வேணாம், பாலும் வேணாம். தண்ணி எவ்ளோ நேரம் வரைக்கும்னு இன்னிக்கே வார்டு சிஸ்டர் கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க. காலைல தலைக்கு எண்ணெய் வைக்காதீங்க, எண்ணெய் இருந்தா கரண்ட் குடுக்கற பேட் சரியா ஒட்டாது. மூக்குத்தி, கொலுசு கழட்டிடுங்க. பால் கட்டிக்கும், அதனால ஆறு மணிக்கு முன்னாடி பாப்பாவுக்கு ஒரு தடவை குடுக்க வச்சுட்டே கூட்டிட்டுப் போங்க.